அந்த ஃபேனை அணைக்காதீர்கள்

1

2024 மே மாதம் ஒரு மதியம், அருப்புக்கோட்டையில் அம்மா மயங்கி விழுந்தாள். பக்கத்து வீட்டு அக்கா போன் செய்தபோது நான் சென்னையில் ஒரு மீட்டிங்கில் இருந்தேன். பெரிதாக ஒன்றுமில்லை, உடம்பில் நீர்ச்சத்து குறைந்துவிட்டது என்று சொல்லி இரண்டு பாட்டில் டிரிப்ஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காலை நான் போய்ச் சேர்ந்தபோது அம்மா வாசல் திண்ணையில் உட்கார்ந்து பனையோலை விசிறியால் வீசிக்கொண்டிருந்தாள். உள்ளே கூடத்தில் ஃபேன் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

"ஏம்மா ஃபேன் போடலியா?"

"நேத்து ராத்திரி பூரா போட்டேன்யா. பகல்லயும் போட்டா நூறு தாண்டிரும்ல. தாண்டுனா மொத்தத்துக்கும் காசு கட்டச் சொல்லிருவாக."

ஈபி அட்டையை எடுத்துப் பார்த்தேன். இரண்டு மாதத்துக்கு ஒரு வரியாகக் கையால் எழுதிய எண்கள்: 94, 97, 91, 98. கட்ட வேண்டிய தொகை என்ற இடத்தில் எல்லா வரியிலும் சைபர். அந்த சைபரைக் காப்பாற்றத்தான் அம்மா புழுங்கியிருக்கிறாள். இரவில் பிரிட்ஜை நிறுத்தியிருக்கிறாள். டிவி பார்க்கும்போது டியூப்லைட்டை அணைத்திருக்கிறாள்.

அம்மாவின் கணக்கு தப்பு. முதல் 100 யூனிட் எல்லா வீட்டுக்கும் இலவசம் என்பது 2016 மே மாதம் வந்தது. 100ஐத் தாண்டினால் அந்தச் சலுகை போய்விடாது. தாண்டிய யூனிட்டுக்கு மட்டும்தான் காசு. அப்போது அமலில் இருந்த 2022 செப்டம்பர் கட்டணப்படி 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு. அம்மா கூடுதலாகப் பத்து யூனிட் செலவழித்திருந்தால் பில் 22 ரூபாய் 50 காசு வந்திருக்கும். ஒரு காபிக் காசு. அதற்காக அறுபத்தெட்டு வயதில் ஒருத்தி மே மாத வெயிலில் மயங்கி விழுந்திருக்கிறாள்.

அன்றிலிருந்து "மின்சாரத்தைச் சேமிப்போம்" என்ற வாசகத்தை எங்கே பார்த்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. இந்தக் கட்டுரை அந்தக் கோபத்திலிருந்துதான் எழுதப்படுகிறது. ஆனால் நான் சொல்லப்போவது "சேமிக்காதீர்கள்" என்பதல்ல. நம் வீட்டில், பள்ளிக்கூடத்தில், வாட்ஸப்பில் சேமிப்பு என்று சொல்லித்தரப்படுவது சேமிப்பே இல்லை. அது உடம்பை வருத்துகிற ஒரு விரதம். நிஜமான சேமிப்பு வேறு இடத்தில் இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் கணக்கு வேண்டும், கொஞ்சம் பொறுமை வேண்டும். பெரிய பணம் வேண்டாம்.

2

என் அப்பா ஒரு அறையில் ஆள் இல்லாமல் விளக்கு எரிந்தால் "என்ன இது, கல்யாண வீடா?" என்பார். உங்கள் அப்பாவும் இதையேதான் சொல்லியிருப்பார். சார்ஜரைப் பிளக்கில் விட்டுவிட்டுப் போனால் இரண்டு நாளைக்குப் பேச்சு வாங்க வேண்டும். கோடை வந்தால் எல்லாப் பத்திரிகையிலும் வரும் "மின்சாரம் சேமிக்கப் பத்து வழிகள்" பட்டியலிலும் சார்ஜருக்கு ஓர் இடம் நிச்சயம்.

கணக்குப் போடுவோம். போன் மாட்டாத சார்ஜர் இழுப்பதைத் தாராளமாக 0.3 வாட் என்று வைத்துக்கொள்ளலாம். நல்ல சார்ஜர் அதைவிடக் குறைவாகத்தான் இழுக்கும். ஒரு நாளுக்கு 7.2 வாட்-மணி. அறுபது நாள் பிடுங்காமலே விட்டால் அரை யூனிட்கூட ஆகாது. இன்னொரு பக்கம், ஒரு பக்கெட் வெந்நீர். 15 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குக் கொண்டுபோக சுமார் 0.3 யூனிட் வேண்டும். இது இயற்பியல், கீசர் எந்தக் கம்பெனி என்பதெல்லாம் இதற்கு அப்புறம். ஆக, சார்ஜரை நாற்பது நாள் பிளக்கிலேயே விட்டுவைப்பதும், ஒருநாள் சூடாகக் குளிப்பதும் ஒன்று. சார்ஜருக்காக என்னைத் திட்டிவிட்டு அப்பா தினமும் வெந்நீரில்தான் குளித்தார். அவரைக் குறை சொல்லவில்லை. அவருக்கு யாரும் இந்தக் கணக்கைச் சொல்லித் தரவில்லை.

இந்தப் பட்டியல்களின் குற்றம் இதுதான். கண்ணுக்குத் தெரிவதை எல்லாம் பெரிதாக்கும். எரிகிற விளக்கு தெரியும், பிளக்கில் தொங்குகிற சார்ஜர் தெரியும். டிவிக்குக் கீழே சின்ன சிவப்புப் புள்ளியோடு உட்கார்ந்திருக்கும் செட்டாப் பாக்ஸ் தெரியாது. ரிமோட்டில் அணைத்தாலும் பல பாக்ஸ்கள் ஓடும்போது இழுப்பதில் பெரும்பகுதியை இழுத்துக்கொண்டேதான் இருக்கும். பத்து வாட் என்றால் இரண்டு மாதத்துக்கு 14.4 யூனிட். சுவரில் சுவிட்சை அணைத்தால் ஒழிந்தது. அம்மாவின் நூறு யூனிட்டில் ஏழில் ஒரு பங்கு, யாரும் பார்க்காத டிவிக்காகப் போய்க்கொண்டிருந்தது. அம்மா டியூப்லைட்டை அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருந்தாள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்த விரதத்தை வீட்டில் யார் இருக்கிறார்? ஃபேன் இல்லாத சமையலறையில் நிற்பவர். மத்தியானம் வீட்டில் தனியாக இருப்பவர். "நான் ஒருத்திக்கு எதுக்கு ஃபேன்?" என்று கேட்பவர். சிக்கனம் என்ற பெயரில் குடும்பத்தின் சுமை எப்போதும் எதிர்த்துப் பேசாத உடம்பின் மீதுதான் இறங்குகிறது.

3

ஆர்தர் ரோசன்ஃபெல்ட் என்றொரு இயற்பியலாளர். என்ரிக்கோ ஃபெர்மியின் மாணவர். கலிபோர்னியாவில் பெர்க்லியில் துகள் இயற்பியல் ஆராய்ந்துகொண்டிருந்தவர். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை இரவு வீட்டுக்குக் கிளம்பும்போது, தன் மாடியில் ஆள் இல்லாத அறைகளில் எல்லாம் விளக்கு எரிவதைப் பார்த்தார். அணைத்துவிட்டுப் போகலாம் என்று இறங்கினால் இருபது நிமிடம் ஆகிவிட்டது. ஏனென்றால் சுவிட்சுகள் அலமாரிக்குப் பின்னாலும் புத்தக அடுக்குக்குப் பின்னாலும் மறைந்து கிடந்தன.

இந்தக் கதையை நம் ஊரில் சொன்னால் "பார், எவ்வளவு பெரிய விஞ்ஞானி, விளக்கை அணைத்திருக்கிறார்" என்று நீதி சொல்லி முடித்துவிடுவார்கள். ரோசன்ஃபெல்ட் எடுத்துக்கொண்டது வேறு. சுவிட்ச் அலமாரிக்குப் பின்னால் இருந்தால் எந்த நல்லவனும் அணைக்க மாட்டான். தப்பு மனிதனின் குணத்தில் இல்லை, கட்டிய விதத்தில் இருக்கிறது. அவர் துகள் இயற்பியலை விட்டுவிட்டு மீதி வாழ்நாளைக் கட்டடங்கள், விளக்குகள், குளிர்பெட்டிகளுக்குச் செலவழித்தார்.

பிரிட்ஜின் கதை இதில் முக்கியம். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஒரு சராசரி புது பிரிட்ஜ் வருடத்துக்கு 1,800 யூனிட் அளவுக்கு இழுத்தது. முதலில் கலிபோர்னியா, பிறகு நாடு முழுவதும், "இதற்கு மேல் இழுக்கும் பெட்டியை விற்கக் கூடாது" என்று விதி போட்டார்கள். சில பத்தாண்டுகளில் அது சுமார் நாலில் ஒரு பங்காகக் குறைந்தது. பெட்டி பெரிதானது. விலை குறைந்தது. அமெரிக்கர்கள் யாரும் பிரிட்ஜ் கதவைக் குறைவாகத் திறக்கவில்லை. இரவில் நிறுத்தி வைக்கவில்லை. அவர்களுக்கு ஒழுக்க போதனை எதுவும் தேவைப்படவில்லை.

நம்மிடமும் அப்படி ஒன்று நடந்தது. நாம்தான் அதைக் கதையாகச் சொல்லிக்கொள்ளவில்லை. 2014இல் மத்திய அரசின் நிறுவனம் மொத்தமாக எல்இடி பல்பு வாங்கியபோது ஒரு பல்பின் கொள்முதல் விலை 310 ரூபாய். 2015 ஜனவரியில் உஜாலா திட்டம் தொடங்கியது. கோடிக்கணக்கில் வாங்க வாங்க, 2016இல் அது 38 ரூபாய்க்கு வந்தது. இன்று பெட்டிக்கடையில் குண்டு பல்பைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அறுபது வாட் இருந்த இடத்தில் ஒன்பது வாட். எந்த அப்பாவும் எந்தப் பிள்ளையையும் திட்டாமலே நடந்த சேமிப்பு இது.

ஆகவே என் கட்சி சுலபம்: பழக்கத்தை மாற்றச் சொல்லாதே, பொருளை மாற்று. பொருளை மாற்றப் பணம் இல்லையென்றால், ஒவ்வொன்றாக மாற்று.

4

சென்னையில் நான் இருப்பது மூன்று மாடிக் கட்டடத்தின் மேல் மாடி. வாடகை வீடு. ஏசி இல்லை. வீட்டிலிருந்தே வேலை. இரண்டு மாதத்துக்கு சுமார் 210 யூனிட் ஆகிக்கொண்டிருந்தது. அருப்புக்கோட்டையிலிருந்து திரும்பியதும் நான் முதலில் செய்தது, மீட்டரின் முன்னால் போய் நின்றதுதான்.

மீட்டரில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு கண் சிமிட்டிக்கொண்டே இருக்கும். பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று போட்டிருக்கும். என் மீட்டரில் 3200. அப்படியென்றால் 1125ஐ இரண்டு சிமிட்டலுக்கு நடுவில் ஆகும் நொடிகளால் வகுத்தால், அந்த நிமிடம் வீடு இழுக்கிற வாட் கிடைத்துவிடும். பதினோரு நொடிக்கு ஒருமுறை சிமிட்டினால் சுமார் 100 வாட். போனில் ஸ்டாப்வாட்ச் இருந்தால் போதும், எந்தக் கருவியும் வாங்க வேண்டாம்.

எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். பிரிட்ஜின் கம்ப்ரசரும் ஓடவில்லை. அப்போதும் 45 நொடிக்கு ஒருமுறை சிமிட்டியது. 25 வாட். வீடு "தூங்கும்போது" இழுப்பது அது: செட்டாப் பாக்ஸ், வைஃபை ரவுட்டர், இன்னும் சில்லறை. பிறகு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். கூடத்து ஃபேன் 75 வாட். டியூப்லைட், பழைய சோக்கோடு சேர்த்து 55. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரத்தில் வீட்டின் மொத்த ஜாதகமும் கையில் வந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் செலவு. வரிசை முக்கியம், ஏனென்றால் முதலில் மிச்சமாகும் காசில்தான் அடுத்ததை வாங்க வேண்டும்.

முதல் இரண்டு மாதம் செலவே இல்லை. செட்டாப் பாக்ஸை டிவி பார்க்காத நேரம் சுவரிலேயே அணைத்தேன். சுமார் 10 யூனிட். பிரிட்ஜை சுவரிலிருந்து ஒரு கையளவு முன்னால் இழுத்து வைத்தேன், பின்னால் ஒட்டியிருந்த தூசியைத் துடைத்தேன். கதவில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பார்த்தேன். தாள் சுலபமாக வந்தால் ரப்பர் போய்விட்டது என்று அர்த்தம். வரவில்லை. சந்தோஷம்.

அடுத்தது டியூப்லைட். இரண்டையும் 20 வாட் எல்இடியாக மாற்ற 450 ரூபாய். நாளுக்கு ஐந்து மணி நேரம் எரிந்தால் இரண்டும் சேர்த்து 21 யூனிட் மிச்சம்.

மூன்றாவதாக ஃபேன். தமிழ்நாட்டு வீட்டில் ஏசி இல்லையென்றால் ராஜா ஃபேன்தான். நாம் விளக்கைப் பார்த்தே பேசிக்கொண்டிருக்கிறோம். ஃபேன் வருடத்தில் பத்து மாதம், நாளில் பாதிக்கு மேல் சுற்றுகிறது. சாதாரண சீலிங் ஃபேன் 70 முதல் 80 வாட். பிஎல்டிசி மோட்டார் வைத்த ஃபேன் அதே காற்றுக்கு 30 வாட் பக்கம். நான் வேலை செய்யும் அறையில் நாளுக்குப் பதினாறு மணி நேரம் ஓடுகிறது. 45 வாட் வித்தியாசம், அறுபது நாளில் 43 யூனிட். விலை 2,900 ரூபாய். வாங்கி நானே மாட்டினேன். ஆறு மாதம் கழித்துப் படுக்கையறைக்கு இன்னொன்று.

210 யூனிட் 115 ஆனது. இதில் நான் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. ஃபேனை ஒருமுறைகூட வேண்டுமென்று அணைக்கவில்லை. முன்பு நான்கில் வைத்தவன் இப்போது ஐந்தில் வைக்கிறேன்.

ஏசி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் பயப்பட வேண்டியது 100ஐப் பார்த்தல்ல, 500ஐப் பார்த்து. அதே 2022 கட்டணத்தில் 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 501 யூனிட்டுக்கு 1,958. அந்த ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய், ஏனென்றால் 500ஐத் தாண்டியதும் நடுவில் இருந்த 2 ரூபாய் 25 காசுச் சலுகை மொத்தமாகப் போய்விடுகிறது. அம்மா பயந்த பள்ளம் நிஜமாகவே இருக்கிறது, ஆனால் நானூறு யூனிட் தள்ளி. 2024 ஜூலையில் கட்டணம் கொஞ்சம் ஏறியது, இந்தப் பள்ளம் அப்படியேதான் இருக்கிறது. 2020 ஜனவரியிலிருந்து புது ஏசிகள் எல்லாம் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று விதி. ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்பது அரசின் ஆற்றல் சிக்கன அமைப்பு சொல்வது. 26இல் வைத்து மேலே 30 வாட் ஃபேனைச் சுற்றவிடுங்கள். 18இல் வைத்துப் போர்வை போர்த்திக்கொள்வது குளிர்ச்சி இல்லை, வீம்பு.

5

இதுவரை நல்ல கதை. இப்போது கெட்ட கதை.

நான் மிச்சம் பிடித்த யூனிட்டுக்கு எனக்குக் கிடைத்தது 9 ரூபாய். ஏனென்றால் எங்கள் ஹவுஸ் ஓனர் யூனிட்டுக்கு 9 ரூபாய் வாங்குகிறார். மூன்று வீட்டுக்கும் ஒரே இணைப்பு, எனக்கும் நடு வீட்டுக்கும் ஒரு சப்-மீட்டர். 210 யூனிட்டுக்கு நான் கட்டியது 1,890 ரூபாய். என் பெயரில் தனி இணைப்பு இருந்திருந்தால் அதே 210க்கு, 2022 கட்டணத்தில், 270 ரூபாய். ஏழு மடங்கு. அரசு "எல்லோருக்கும்" தந்த 100 யூனிட் என் வாசல்வரை வந்து படியேறாமல் நின்றுவிட்டது.

நியாயமாகப் பார்க்க வேண்டும் என்று ஓனர் பக்கத்துக் கணக்கையும் போட்டேன். நான் 210, நடு வீடு 210, கீழே அவர் 280. மொத்தம் 700. ஒரே இணைப்பு என்பதால் உயர்ந்த படிக்கட்டில் ஏறிவிடுகிறது; பில் 3,650. எங்கள் இருவரிடமும் அவர் வாங்குவது 3,780. ஆக, அவர் வீட்டு மின்சாரம் இலவசம், மேலே 130 ரூபாய். ஆனால் அவர் வில்லன் இல்லை. பொங்கலுக்குக் கரும்பு கொடுத்தனுப்புகிற மனிதர். தெருவில் எல்லோரும் அப்படித்தான் வாங்குகிறார்கள், அவரும் வாங்குகிறார்.

இதில் மாட்டிக்கொள்வது கூரை. மேல்மாடி வீட்டின் முதல் எதிரி வெயில் ஏறிய கான்கிரீட் தளம். பகல் பூராவும் குடித்த சூட்டை ராத்திரி பூராவும் கக்கும். பழைய மெட்ராஸ் டெரஸ் கட்டியவர்களுக்கு இது தெரியும். மரச்சட்டத்தின் மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கி, சுண்ணாம்பு, செங்கல் ஜல்லி போட்டு இடித்து, மேலே தட்டோடு பதித்தார்கள். சுண்ணாம்புக் கலவையில் கடுக்காயும் வெல்லமும் போட்டு ஊறவைத்தார்கள். இன்றைக்கு வாடகைக்கென்று கட்டும் பல வீடுகளில் அந்த மேல்தளமே கிடையாது. மொட்டைத் தளம் நிஜமாகவே மொட்டையாக நிற்கிறது. அந்தச் சூட்டை அனுபவிப்பது வாடகைக்காரர், அதைச் சரிசெய்யும் உரிமை ஓனருக்கு. செலவு ஒருவருக்கு, பலன் இன்னொருவருக்கு என்றால் அந்த வேலை ஒருநாளும் நடக்காது.

"சார், என் செலவுல மாடிக்கு வெள்ளை அடிச்சுக்கறேன்" என்று கேட்டேன்.

"மழை வந்தா வழுக்கும் தம்பி. டேங்க் பாக்க நான்தானே ஏறணும்?"

இரண்டு வாரம் விட்டு மறுபடி கேட்டேன். டேங்க்வரை நடக்க ஒரு பாதையை அடிக்காமல் விட்டுவிடுகிறேன் என்றேன். சாவி கிடைத்தது. சுண்ணாம்பு, அதை ஒட்டவைக்கக் கொஞ்சம் பசை, இரண்டு மட்டை பிரஷ். நானும் நண்பனும் ஒரு சனி, ஒரு ஞாயிறு. வெளிச்சூட்டுத் தெர்மாமீட்டர் ஒன்று 900 ரூபாய்க்கு வாங்கி வைத்திருந்தேன். இரவு பத்து மணிக்கு என் படுக்கைக்கு மேலே கூரை, அடிப்பதற்கு முன் 39 டிகிரி. அடித்த பிறகு, அதே மாதிரி வெயில் அடித்த ஒரு நாளில், 35. நான்கு டிகிரி. வருடத்துக்கு ஒருமுறை மறுபடி அடிக்க வேண்டும். ஃபேனைக் கழற்றிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகலாம். கூரையைக் கொண்டுபோக முடியாது. நான் காலி செய்தால் அடுத்து வருபவர் அந்த நான்கு டிகிரியை அனுபவிக்கட்டும். அகமதாபாத்தில் மாநகராட்சியே 2017இல் ஏழைகளின் கூரைகளுக்கு வெள்ளை அடிக்கத் தொடங்கியது. தெலங்கானா 2023இல் குளிர்கூரைக்கென்றே ஒரு கொள்கை கொண்டுவந்தது. வெப்ப அலையை மாநிலப் பேரிடராக 2024இல் அறிவித்த தமிழ்நாட்டில், சாவிக்காக ஒருவன் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

6

மறுப்புகள் வரும். வந்தவற்றுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

"சோலார் போட்டால் எல்லாம் தீர்ந்துவிடுமே?" 2024 பிப்ரவரியில் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 78,000 ரூபாய்வரை மானியம் உண்டு. நல்ல திட்டம்தான். ஆனால் அதற்கு முதலில் சொந்தக் கூரை வேண்டும். வாடகைக்காரனுக்கும் அடுக்குமாடியின் நடுத்தளத்துக்காரருக்கும் அதில் இடம் சுருக்கம். மேலும் 75 வாட் ஃபேனை ஓட்டுவதற்காகப் பெரிய பேனல் வாங்குவதைவிட, ஃபேனை மாற்றிவிட்டுச் சின்ன பேனல் வாங்குவது மலிவு. வரிசையை மாற்றாதீர்கள்.

"ஐடி பார்க்குகளும் ஆலைகளும் இழுக்கிறபோது என் ஒரு ஃபேனால் என்ன?" இந்தக் கேள்வியை நானும் கேட்டுக்கொண்டிருந்தவன்தான், அதுவும் ஒரு ஐடி பார்க்கில் உட்கார்ந்துகொண்டு. இந்தியாவின் மின் நுகர்வில் சுமார் நாலில் ஒரு பங்கு வீடுகள். 2024 மே 2ஆம் தேதி தமிழ்நாட்டின் மின் தேவை 20,830 மெகாவாட் என்ற உச்சத்தைத் தொட்டது. ஒரு கோடி ஃபேன் ஒவ்வொன்றும் 45 வாட் குறைத்தால் 450 மெகாவாட். தூத்துக்குடி அனல்மின் நிலையத்தில் ஒரு அலகு 210 மெகாவாட். இரண்டு அலகுக்கு மேல். ஒரு ஃபேனால் ஒன்றுமில்லை என்பது உண்மை. ஒரு கோடி ஃபேன் என்பது அரசியல்.

"சேமிக்கச் சேமிக்க ஜனங்கள் கூடுதலாகத்தானே உபயோகிப்பார்கள்?" 1865இல் ஜெவன்ஸ் நிலக்கரியைப் பற்றிச் சொன்ன வாதம். எஞ்சின் திறமையாக ஆக ஆக, கரி செலவு கூடும் என்றார். ஆலைகளுக்கு அது பொருந்தலாம். அம்மாவுக்கு? 30 வாட் ஃபேன் வந்தபின் அவள் கூடுதல் நேரம் போடுகிறாள் என்றால், அது வீணானது இல்லை. அவள் இத்தனை வருடம் போடாமல் இருந்த காற்று அது. புழுங்குகிறவருக்குக் காற்று கிடைப்பதைக் கணக்கில் நஷ்டமாக எழுதுகிற பொருளாதாரம் எனக்கு வேண்டாம்.

ஒரு மறுப்பு மட்டும் நியாயமானது. சாதாரண ஃபேன் நின்றுபோனால் தெருமுனை எலக்ட்ரீஷியன் கண்டென்சர் மாற்றிச் சுற்றவிடுவார், காயில் கட்டித் தருவார். பிஎல்டிசியில் போர்டு போனால் கம்பெனி ஆளுக்குத்தான் காத்திருக்க வேண்டும். இடி மின்னல் அடிக்கிற ஊரில் இது சின்ன விஷயமில்லை. வாங்கும்போது உத்தரவாதம் எத்தனை வருடம், சர்வீஸ் உங்கள் ஊரில் உண்டா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். இதற்குமேல் சமாதானம் சொன்னால் நான் ஃபேன் விற்பவனாகிவிடுவேன்.

7

அம்மாவின் சமையலறையில் ஒரு மேசை ஃபேன் இருக்கிறது. 2011இல் தொடங்கிய மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி திட்டத்தில் வந்தது. ரேஷன் அட்டைக்கு ஒன்று என்று வீடு வீடாக ஃபேன் கொண்டுசேர்த்த மாநிலம் இது. அதை இலவசம் என்று கேலி செய்தவர்கள் சமையலறையில் நின்றதில்லை. அப்போது குறைந்த வாட் ஃபேன் கடையில் எளிதாகக் கிடைக்கவில்லை, இப்போது கிடைக்கிறது. அரசு ஒவ்வொரு இரண்டு மாதமும் இலவச யூனிட்டுக்கு மின்வாரியத்துக்குப் பணம் கட்டுகிறது, வருடா வருடம் கட்டும். அந்த யூனிட்டில் பாதியை விழுங்குகிற பழைய ஃபேனை ஒரே ஒருமுறை மாற்றித் தந்தால்? பல்புக்கு நடந்தது ஃபேனுக்கும் நடக்கும். மொத்தமாக வாங்கினால் விலை இறங்கும். கூடவே, வாடகைக்காரரின் மீட்டர் அவர் பெயரில் இருக்க வேண்டும் என்று சட்டம் வேண்டும். மேல்மாடிக் கூரைக்குச் சுண்ணாம்பு வேண்டும். இவை எதுவும் ராக்கெட் இல்லை.

அரசு செய்யும்வரை நாம் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேருக்கு ஊரில் ஒரு அம்மா இருப்பாள், ஈபி அட்டையில் சைபரைக் காப்பாற்றிக்கொண்டு. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஸ்வீட் பாக்ஸோடு ஒரு ஃபேனும் கொண்டுபோங்கள்.

நான் கொண்டுபோனேன். அம்மாவுக்கு ரிமோட் பிடிக்கவில்லை; "சுவர்ல இருந்தது நல்லாத்தான்யா இருந்துச்சு" என்றாள். ஒரு சீட்டில் கணக்கு எழுதிக் காட்டினேன்: நாள் முழுக்க, இருபத்துநாலு மணி நேரமும், அறுபது நாளும் ஓடினாலும் இந்த ஃபேனுக்கு 43 யூனிட்தான். பழையது அப்படி ஓடியிருந்தால் 108. அவள் நம்பவில்லை. செட்டாப் பாக்ஸை அணைக்கக் கற்றுக்கொண்டாள், அது மட்டும் சுவரில் இருக்கிற சுவிட்ச் என்பதால்.

2025 கோடைக்குப் பிறகு போனபோது அட்டையைப் பார்த்தேன். 106. பில் பதினைந்து ரூபாய்கூட வரவில்லை. அம்மாவுக்கு அதில் வருத்தம்தான். "ஆறு தாண்டிருச்சு பாரு" என்றாள், கூடத்தில் ஃபேனுக்கு நேர் கீழே பாயில் படுத்துக்கொண்டு, மத்தியானம் இரண்டு மணிக்கு.